சாமி தீப்பெட்டி

20 பிப்ரவரி, செவ்வாய்

இடது அடுப்பு: காலையில் ஒன்பது தடவை திருகினேன். பற்றவில்லை. டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது.

வலது அடுப்பு: ஆறாம் தடவை பற்றியது.

சாயங்காலம் இரண்டுமே பற்றவில்லை. கேஸ் வாடை வந்ததும் மூடிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

அடுப்புக் கம்பெனிக்குப் போன் போட்டதில் ஒரு பெண் பேசியது. எந்த அடுப்பு, எந்த நேரம், சத்தம் வருகிறதா இல்லையா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள், ஆள் வரும்போது காட்டலாம் என்றது. அதனால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கும் எழுத்துக்கும் ரொம்ப தூரம். அஞ்சாம் வகுப்பு முடித்ததும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டேன். பெட்டியில் குச்சி அடைக்கிற வேலை. கல்யாணம் ஆகும்வரை கோவில்பட்டியில் எனக்கு அது ஒன்றுதான் தெரியும்.

இது அவருடைய டைரி. நகைக்கடையில் கொடுத்தது. சிலிண்டர் மாட்டிய தேதியைத் தவிர அவர் இதில் ஒன்றும் எழுதியதில்லை. ஜனவரி பதினொன்றில் ‘புது சிலிண்டர்’ என்று இருக்கிறது. மற்றதெல்லாம் வெறும் தாள்.

அவர் தவறியது பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை. காலையில் நடக்கப் போனவர் ரேஷன் கடைக்கு முன்னால் விழுந்துவிட்டார். ரெண்டு வருசத்துக்கு முன்னால் மதுரையில் இருதய அடைப்புக்கு நெஞ்சில் குழாய் வைத்த உடம்பு. பதினாறாம் நாள் காரியம் போன சனிக்கிழமை முடிந்தது. மகள் பொன்சித்ரா மறுநாளே கோயம்புத்தூர் போய்விட்டாள்.

21 பிப்ரவரி, புதன்

இடது: இல்லை. வலது: இல்லை. மத்தியானமும் அப்படியே.

அவருடைய தங்கை ராஜகனி அடுத்த தெருவில் இருக்கிறாள். டீ கொண்டுவந்தாள். கையோடு ஒரு லைட்டரும் கொண்டுவந்து அடுப்புமேல் வைத்தாள். ஊருக்கெல்லாம் தீப்பெட்டி செய்து அனுப்புகிற ஊரில், அதிலும் பதினாலு வருசம் குச்சி அடைத்த உங்கள் வீட்டில் ஒரு தீப்பெட்டி இல்லாமல் போச்சே மதினி என்று சிரித்தாள். சிரித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். நானும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லைட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் பற்றவைத்தால் கம்பெனிக்காரிக்கு நான் குறிப்பது தப்பாகப் போகும் என்றேன்.

“பட்டினி கெடந்துட்டு கம்பெனிக்காரிக்கு எழுதிக் குடுக்கப் போறீகளா மதினி?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

22 பிப்ரவரி, வியாழன்

இடது: இல்லை. வலது: நாலாம் தடவை. ஒரு உலை வைத்து இறக்கினேன்.

23 பிப்ரவரி, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் அடுப்பைக் கழுவுவேன். விறகடுப்பு காலத்திலிருந்து வந்த பழக்கம். கழுவி, கோலம் இழுத்து, மஞ்சள் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம். இந்தக் கண்ணாடி அடுப்பு வந்த புதிதில் பொட்டு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கண்ணாடியில் வைத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. பர்னருக்குப் பக்கத்தில் வெள்ளையாகப் பீங்கான் மாதிரி ஒரு சின்னக் குச்சி நிற்கும், இடதில் ஒன்று, வலதில் ஒன்று. பொட்டு வைப்பதற்கென்றே வைத்த மாதிரி இருந்தது. நாலு வருசமாக அதில்தான் வைத்தேன்.

இன்றைக்குக் கழுவி முடித்துக் கை தானாகக் குங்குமச் சிமிழுக்குப் போனது. அப்புறம்தான் நினைவு வந்தது. துடைத்ததோடு விட்டுவிட்டேன்.

இடது: இல்லை. வலது: இல்லை. கழுவின அன்றைக்கு எப்போதும் கொஞ்சம் அதிகமாக முரண்டு பிடிக்கும்.

இந்த அடுப்பை வாங்கியது அவர்தான். கண்டக்டர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன மாசம். ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கி, எனக்கு முன்னால் திருகிக் காட்டினார். தீப்பெட்டி இல்லாமல் குப்பென்று பற்றியது. “பத்து வயசுல இருந்து குச்சியத் தொட்ட கை. இனிமே நீ தொட வேணாம்” என்றார். அன்றிலிருந்து அடுப்படியில் தீப்பெட்டி வைத்ததில்லை. பூசை அலமாரியில் மட்டும் ஒன்று இருக்கும்.

25 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் பொன்சித்ரா கூப்பிட்டாள். பேத்தி ஆதிரைக்கு மறுபடியும் இளைப்பு. ரெண்டு நாளாக முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுக்கிறார்கள்.

முப்பதாம் நாள் படையலுக்கு வரமாட்டேன் என்றாள். வீட்டில் மாட்டியிருந்த அப்பா படத்தையும் கழற்றி வைத்துவிட்டாளாம்.

“எம்பிள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனாரும்மா. இனி சிகரெட்டத் தொட மாட்டேன்னு. பொய்ச் சத்தியம் பண்ணிட்டு அவரு போயிட்டாரு. இங்க பிள்ள மூச்சுக்குத் திண்டாடுது.”

அப்படிச் சொல்லாதம்மா என்றேன்.

அவள் அப்படி நினைப்பதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவருடைய சட்டைப்பையில் இருந்ததைப் பொட்டலமாகக் கொடுத்தார்கள். கண்ணாடி, பஸ் பாஸ், ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டியைப் பார்த்ததும் பொன்சித்ராவுக்கு அழுகை நின்றுவிட்டது. “திருட்டுத்தனமாக் குடிச்சிருக்காரு” என்றாள். ராஜகனியும் அவள் வீட்டுக்காரரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லாரும் அதையே உண்மையென்று எடுத்துக்கொண்டார்கள்.

நான் அந்தப் பெட்டியைக் கையில் வாங்கினேன். பதினாலு வருசம் குச்சி அடைத்த கை. குலுக்கிப் பார்க்கத் தேவையில்லை, கனத்திலேயே தெரியும். அது நிறைபெட்டி. ஒரு குச்சிகூட எடுக்கவில்லை.

தெரிந்தும் அன்றைக்கு நான் பேசவில்லை. பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அடுப்பைப் பற்றிக் குறிக்க மறந்துவிட்டேன். இன்றைக்குத் திருகவே இல்லை.

26 பிப்ரவரி, திங்கள்

இடது: இல்லை. வலது: மூணாம் தடவை.

கம்பெனியிலிருந்து இங்கிலீசில் செய்தி வந்தது. ராஜகனியை வாசிக்கச் சொன்னேன். என் புகார் சரிசெய்யப்பட்டுவிட்டதாம். யாரும் வரவே இல்லை.

27 பிப்ரவரி, செவ்வாய்

அடுப்பு சரியாகிவிட்டது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்குத் தெருவில் அடுப்பு ரிப்பேர்காரர் சத்தம் கேட்டது. மொபெட்டில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வருவாரே, சேர்மத்துரை என்பவர். கூப்பிட்டேன். குனிந்து ஒரு தடவை திருகிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு டார்ச் அடித்தார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“யாரும்மா இதுல பொட்டு வச்சது?”

நான்தான் என்றேன். அவர் வையவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அந்த வெள்ளைக் குச்சியின் நுனியிலிருந்துதான் பொறி தாவி பர்னருக்குப் போக வேண்டுமாம். நாலு வருச மஞ்சளும் குங்குமமும் அதன்மேல் கட்டிதட்டிப் போயிருக்கிறது. கழுவினால் ஈரம் அதில் ஊறிக்கொள்கிறது. பொறி மேலே தாவாமல் அந்த ஈரத்தோடு கீழே இறங்கிவிடுகிறது. அதனால்தான் சத்தம் வரும், தீ வராது.

“அடுப்புல ஒண்ணும் கோளாறு இல்லம்மா. சுரண்டி எடுத்தாப் போதும். இரும்பு பட்டா பீங்கான் விரிஞ்சிரும். தீக்குச்சி இருந்தா ரெண்டு குடுங்க.”

நான் எழுந்து போனேன். பூசை அலமாரியைத் திறந்தேன். சாமி தீப்பெட்டியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன்.

கொடுத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலைசுற்றலா அம்மா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் குச்சிகளை ஒடித்து ஒடித்துச் சுரண்டினார். செதில் செதிலாகச் சிவப்பும் மஞ்சளுமாக விழுந்தது. துணியால் துடைத்து, திருகினார். ஒரே திருகு. குப்பென்று பற்றியது. அடுத்ததும் அப்படியே.

அவர் போன பிறகு இதை எழுதுகிறேன். மத்தியானம் ஆகிவிட்டது. சோறு வைக்கவில்லை.

முதல் நாள் எழுதியதில் ரெண்டு பொய் இருக்கிறது. ஒன்று, அவர் இந்த டைரியில் வேறு எதுவும் எழுதவில்லை என்றது. ஜனவரி 28-ல் எழுதியிருக்கிறார். ‘அடுப்புக்கு ஆள் கூப்பிடணும். மாரிக்கனி அப்புறம் பார்க்கலாம் என்கிறாள்.’ மாரிக்கனி நான்தான். முதல் நாளே இதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி அடுத்த தாளோடு சேர்த்துப் புரட்டிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

இன்னொன்று, அவர் நடக்கப் போனார் என்றது.

அன்றைக்கு விடிகிற நேரம் எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சுக்குள் காற்று அடைத்த மாதிரி இருக்கிறது, ஓமம் போட்டு வெந்நீர் கொடு என்றார். வாயுதான் என்று அவரே சொன்னார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அடுப்பைத் திருகினேன். இடதும் பற்றவில்லை, வலதும் பற்றவில்லை. பதினைந்து இருபது தடவை திருகியிருப்பேன். அவர் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தச் சாமி தீப்பெட்டிய எடேன் மாரி. ஒரு குச்சிதான.”

கல்யாணமான புதிதில் சாமி தீப்பெட்டியில் அவர் பீடி பற்றவைத்துவிட்டார் என்று ரெண்டு நாள் பேசாமல் இருந்தவள் நான். அதிலிருந்து அவர் அதைத் தொட்டதில்லை. அன்றைக்கும் தானாக எடுக்கவில்லை. என்னிடம் கேட்டார்.

“கறி மீன் ஏறுற அடுப்புக்கு, அதுவும் வெள்ளிக்கெழமை, சாமி தீப்பெட்டிய எடுக்கச் சொல்றீகளே. டீக்கடை தொறந்திருப்பாக. ஒரு எட்டுப் போயி ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”

இதை நான் எரிச்சலாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். “சரி தாயி. உன் சாமிகிட்ட எனக்கு எதுக்கு வம்பு” என்று சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். செருப்புக்குக் காலைத் துழாவியபோது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன்.

அவர் வரும்வரை சும்மா நிற்பானேன் என்று அடுப்பைக் கழுவினேன். மஞ்சள் குழைத்து, அந்த ரெண்டு குச்சியிலும் பொட்டு வைத்தேன். ஆள் ஓடிவந்து சொன்னபோது என் விரலில் மஞ்சள் ஈரமாக இருந்தது.

தீப்பெட்டி வாங்கிவிட்டார். திரும்பி வரும்போதுதான் விழுந்திருக்கிறார்.

28 பிப்ரவரி, புதன்

இடது: முதல் தடவை. வலது: முதல் தடவை.

29 பிப்ரவரி, வியாழன்

பொன்சித்ராவைக் கூப்பிட்டேன். சொல்லிவிடுவது என்று காலையிலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். ஆதிரைக்கு இளைப்பு குறைந்திருக்கிறது. ஆனாலும் யாரோ ஒரு ஜோசியரிடம் போயிருக்கிறாள். முறிந்த சத்தியத்துக்குப் பரிகாரம் கேட்டிருக்கிறாள். பெற்ற அப்பனுக்குப் பயந்து பிள்ளைக்குத் தாயத்துக் கட்டப் போகிறாளாம்.

அப்போது சொல்லியிருக்கலாம். “அடுப்பு சரியாயிட்டும்மா” என்றேன்.

“என்ன கோளாறாம்?”

“தூசி” என்றேன்.

போனை வைத்த பிறகு என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் உயிரோடு இருந்தபோது ஒரு குச்சி கொடுக்கவில்லை. செத்த பிறகு ஒரு வார்த்தை கொடுக்க முடியவில்லை.

சொன்னால் அவள் எனக்கும் இல்லாமல் போய்விடுவாள். அதுதான் பயம். வேறு ஒன்றுமில்லை.

1 மார்ச், வெள்ளி

அடுப்பைக் கழுவவில்லை. ஈரத்துணியால் கண்ணாடியை மட்டும் துடைத்தேன்.

மருமகன் கூப்பிட்டார். அவளைச் சமாதானப்படுத்திவிட்டேன், ஊர் என்ன பேசும் என்று சொல்லியிருக்கிறேன், ராத்திரி பஸ்ஸில் பிள்ளையோடு ஏறி நாளைக் காலையில் வந்துவிடுவாள் என்றார்.

3 மார்ச், ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. நேற்று நடந்தது இது.

பொன்சித்ரா ஒன்பது மணிக்கு வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் இளைத்துவிட்டேன் என்றாள். அப்பா படத்தை மட்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆதிரை தாத்தாவைக் கும்பிடப் போனபோது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். பிள்ளை கழுத்தில் தாயத்து புதுக் கறுப்புக் கயிற்றில் தொங்கியது.

மத்தியானம் இலை போட்டோம். அவருக்குப் பிடித்ததெல்லாம் ராஜகனி வைத்தாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, முட்டை, சேவு. விளக்கு மட்டும் இன்னும் ஏற்றவில்லை. அப்போது ராஜகனி வீட்டுக்காரர் குருசாமி சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட் பாக்கெட்டை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். ஆசையாகக் குடித்த மனுசன், கடைசியில் அதை ஒளிந்து குடிக்கும்படி ஆகிவிட்டது, இன்றைக்காவது தாராளமாகக் குடிக்கட்டும் என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. பாசமாகத்தான் சொன்னார்.

“நல்லா வைங்க மாமா” என்றாள் பொன்சித்ரா. “பேத்திய விட அதுதான அவருக்குப் பெருசாப் போச்சு.”

நான் குனிந்து அந்தப் பாக்கெட்டை எடுத்தேன். இலையில் வைத்ததை எடுக்கக்கூடாது என்று ராஜகனி கையை நீட்டினாள்.

“அவுக குடிக்கல. நான்தான் அனுப்புனேன்.”

யாருக்கும் விளங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வெந்நீர் கேட்டது, அடுப்பு பற்றாதது, சாமி தீப்பெட்டியைக் கேட்டது, நான் மறுத்தது, சுவரைப் பிடித்தது, பொட்டு. இங்கே எழுதியிருப்பதைவிடக் கோணல் மாணலாகச் சொன்னேன், ஆனால் எதையும் விடவில்லை. பீரோவிலிருந்து பெட்டியை எடுத்துவந்து மகள் கையில் கொடுத்தேன்.

ராஜகனிதான் முதலில் பேசினாள். “ஒரு குச்சி மதினி. ஒரு குச்சிக்கா எங்கண்ணன அனுப்புனீக?” அப்படியே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பொன்சித்ரா அழவில்லை. அடுப்படிக்குப் போனாள். அடுப்புக்கு முன்னால் நின்றாள். அங்கிருந்து பூசை அலமாரிவரை நடந்தாள். நாலு எட்டு. எனக்குத் தெரியும், நான் எத்தனையோ தடவை நடந்து பார்த்துவிட்டேன். அவளும் மனதுக்குள் எண்ணியிருப்பாள்.

திரும்பி வந்து பெட்டியைத் தள்ளித் திறந்தாள். ஆபீசில் அடைத்தபடியே குச்சிகள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. முதல் குச்சியை எடுக்க அவளுக்கு வரவில்லை. நிறைபெட்டியில் நகத்தை விட்டு நடுவில் நெம்ப வேண்டும். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாக எடுத்து, உரசி, அவர் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றினாள்.

அப்புறம் ஆதிரையைக் கூப்பிட்டாள். கழுத்திலிருந்த தாயத்தைக் கழற்றினாள். “தாத்தாவக் கும்பிட்டுக்கோ” என்றாள்.

என்னிடம் ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்ட இலையை எடுத்தாள், பாத்திரம் கழுவினாள், ராஜகனியிடம் சொல்லிக்கொண்டாள், சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினாள். தீப்பெட்டியைக் கையோடு கொண்டுபோய்விட்டாள். படத்தைத் திரும்ப மாட்டும்போது விளக்கு ஏற்றுவதற்காக இருக்கும்.

4 மார்ச், திங்கள்

இடது: முதல் தடவை. வலது: முதல் தடவை.

பொன்சித்ரா கூப்பிடவில்லை. ராஜகனியும் வரவில்லை.

6 மார்ச், புதன்

இடது: முதல் தடவை. வலது: முதல் தடவை.

இரண்டு பேரும் இல்லை.

கம்பெனிக்காரிக்கு இனி இது வேண்டியதில்லை. ஆனாலும் குறிக்கிறேன்.

8 மார்ச், வெள்ளி

ராஜகனி வாசலில் நின்று பால் பாக்கெட்டைக் கொடுத்தாள். உள்ளே வரவில்லை. கொடுத்தாளே, அதுவே பெரிது.

11 மார்ச், திங்கள்

காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. பொன்சித்ரா.  பிள்ளைக்கு என்னமோ ஏதோ என்று ஓடிப்போய் எடுத்தேன்.

“அடுப்பு பத்துதா?” என்று கேட்டாள்.

பத்துது என்றேன்.

“சரி. வெந்நி வச்சுக் குடி” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கோபத்தில் சொன்னாளா, கரிசனத்தில் சொன்னாளா என்று தெரியவில்லை. அவள் குரலில் இரண்டும் இருந்தது. எதுவாக இருந்தாலும் சொன்னதைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

ஒரு செம்புத் தண்ணீர் வைத்தேன். திருகினேன். முதல் தடவையே பற்றியது. ஓமம் போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டினேன். முதல் டம்ளரை அவர் படத்துக்கு முன்னால் வைத்தேன். சூடு ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எனக்கு ஊற்றிக்கொண்டு குடித்தேன்.